ஆயுளுக்கும் ஒரு வேலை

மைதானமும் மண்டபமும் – 5

சென்ற வாரம் வால்டர் காம்பை நியூஹேவன் கடிகாரக் கம்பெனியில் விட்டுவிட்டு வந்தோம். அமெரிக்க ஃபுட்பாலுக்கே பிதாமகன் அவர். ஆனாலும் யேலில் கோச் உத்தியோகம் என்று ஒன்று அவருக்குக் கிடையாது. பகலெல்லாம் கம்பெனி வேலை. மைதானத்துக்கு மனைவி ஆலிஸ் போய் யார் நன்றாக ஆடினார்கள், யார் சொதப்பினார்கள் என்று பார்த்து வருவார். சாயங்காலம் வீட்டுக்கு வரும் மாணவ கேப்டனுக்குக் காம்ப் யோசனை சொல்லி அனுப்புவார். யேல் மாதிரி பழைய, பணக்காரப் பல்கலைக்கழகங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. விளையாட்டு மாணவர்கள் பாடு, பழைய மாணவர்கள் பாடு. நிர்வாகம் அதில் தலையிடாது.

அந்த ஏற்பாட்டைத் தலைகீழாகப் புரட்டியவர் காம்பின் சீடர்தான். கோச் என்பவர் பல்கலைக்கழக ஊழியர், அதுவும் பேராசிரியர், அதுவும் ஒரு துறைக்கே தலைவர் என்ற நிலைமையை முதலில் அனுபவித்தவர் அமோஸ் அலோன்ஸோ ஸ்டாக். இன்று அமெரிக்காவில் பல மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலின் உச்சியில் ஆளுநரோ நீதிபதியோ இல்லை, ஒரு கல்லூரி கோச் இருக்கிறார். அந்த நாற்காலிக்கு முதல் பலகை அறைந்தவர் ஸ்டாக். காபிகூடத் தொடாத, கெட்ட வார்த்தை வாயில் வராத, கிட்டத்தட்ட சாமியார் மாதிரி வாழ்ந்த மனிதர் என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த முரண்.

1862 ஆகஸ்ட் 16, நியூஜெர்சி மாநிலம் வெஸ்ட் ஆரஞ்சில் பிறந்தார். அப்பா செருப்புத் தைப்பவர். எட்டுப் பிள்ளைகளில் இவர் ஐந்தாவது. பாதிரியாராக வேண்டும் என்ற ஆசையோடு யேலுக்குப் போனார். போன இடத்தில் பெயர் வாங்கிக் கொடுத்தது பேஸ்பால். 1888இல் பிரின்ஸ்டனுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் இருபது பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். தொழில்முறை அணிகள் பண மூட்டையோடு வந்தன. வேண்டாம் என்றுவிட்டார். காசுக்கு ஆடும் பேஸ்பாலைச் சுற்றி அப்போது சாராய வாடை அடித்தது, அது அவருக்கு ஒத்துவராது. ஃபுட்பாலிலும் சும்மா இல்லை. 1889இல் நாட்டிலேயே சிறந்த பதினொருவர் என்று முதன்முதலாக ஒரு பட்டியல் வெளியானபோது அதில் இவர் பெயரும் இருந்தது.

ஆனால் பாதிரியாருக்கு வேண்டிய மூலதனம் நாக்கு. மேடை ஏறினால் ஸ்டாக்குக்குப் பேச்சு வராது. பிரசங்கத்தை விட்டுவிட்டு, அதே ஊழியத்தை மைதானத்தில் செய்வது என்று முடிவெடுத்தார். இது பிற்காலத்தில் பேட்டிக்காகச் சொன்ன சமாதானம் என்று நினைக்க வேண்டாம். எழுபது வருடம் அவர் எடுத்த நல்ல முடிவு, கெட்ட முடிவு எல்லாவற்றுக்கும் அடியில் இந்த நம்பிக்கைதான் இருந்தது.

1890இல் மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளிக்குப் போனார். அங்கே சகா, ஜேம்ஸ் நெய்ஸ்மித். ஆமாம், கூடைப்பந்தைக் கண்டுபிடித்த அதே நெய்ஸ்மித். ஸ்டாக்கின் ஃபுட்பால் அணியில் அவர் நடு ஆட்டக்காரர். 1892 மார்ச் 11 அன்று பொதுமக்கள் முன்னிலையில் முதல் கூடைப்பந்து ஆட்டம் நடந்தது. ஆசிரியர்களை மாணவர்கள் 5–1 என்று தோற்கடித்தார்கள். ஆசிரியர்கள் போட்ட அந்த ஒரே ஒரு கூடை ஸ்டாக் போட்டது.

ஸ்பிரிங்ஃபீல்டுக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. சென்னை நந்தனத்தில் இன்றும் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920இல் தொடங்கிய ஹாரி குரோ பக் அந்தப் பள்ளியின் வார்ப்பு. ஸ்டாக் அங்கிருந்து கிளம்பி வெகுகாலம் கழித்துப் படித்தவர்தான். என்றாலும் ஒரே உலையில் வெந்த சோறு. உடம்பைப் பழக்கினால் ஒழுக்கம் வரும், ஒழுக்கம் வந்தால் ஆத்துமா பிழைக்கும் என்கிற வைராக்கியம் இரண்டு பேருக்கும் பொது. பக் அதை மெட்ராஸுக்குக் கொண்டுவந்தார். ஸ்டாக் சிகாகோவுக்குக் கொண்டுபோனார்.

சிகாகோ பல்கலைக்கழகம் அப்போது திறக்கவே இல்லை. ராக்ஃபெல்லரின் எண்ணெய்ப் பணத்தில் அதைக் கட்டி எழுப்ப வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் என்பவரை நியமித்திருந்தார்கள். பதினெட்டு வயதில் டாக்டர் பட்டம் வாங்கியவர், ஹீப்ரு பண்டிதர், யேலில் ஸ்டாக்குக்கு பைபிள் பாடம் எடுத்தவர். புதுப் பல்கலைக்கழகத்தின் பெயர் நாளைக்கே ஊர் முழுக்கத் தெரிய வேண்டுமானால் நல்ல நூலகம் மட்டும் போதாது, நல்ல ஃபுட்பால் அணியும் வேண்டும் என்று கணக்குப் போட்டவர்.

நியூயார்க்கில் இருவரும் சந்தித்தார்கள். அங்கே நடந்ததை ஸ்டாக் பிற்பாடு சொல்லியிருக்கிறார். ஹார்ப்பர் தன் திட்டத்தை விவரித்துவிட்டு, வருடத்துக்கு 1,500 டாலர் தருகிறேன் என்றார். ஸ்டாக் யோசனையில் ஆழ்ந்து ஒன்றும் பேசவில்லை. சம்பளம் பிடிக்கவில்லைபோல என்று ஹார்ப்பர் 2,000 என்றார். அப்போதும் மௌனம். கடைசியில் 2,500 டாலர், கூடவே இணைப் பேராசிரியர் பதவி, அதாவது ஆயுளுக்கும் வேலை என்றார். ஸ்டாக் பேரம் பேசவே இல்லை. பேச்சு வராத குறை, பிரசங்க மேடையில் அவரைக் கவிழ்த்த அதே குறை, இங்கே ஆயிரம் டாலரையும் ஒரு நாற்காலியையும் சம்பாதித்துக் கொடுத்தது.

அதுவரை கோச் என்பவர் சீசன் தொடங்கும்போது வருவார், முடிந்ததும் போவார். பல இடங்களில் அவருக்குப் படியளந்தது பழைய மாணவர்களின் சங்கம். ஸ்டாக்குக்குக் கிடைத்ததோ ‘உடற்கல்வி மற்றும் தடகளத் துறை’ என்ற முழுத் துறை. வரவுசெலவு தனி. பதில் சொல்ல வேண்டியது நேரே பல்கலைக்கழகத் தலைவருக்கு. நம் ஊரில் துணைவேந்தர் என்போமே, அந்த இடம். மற்ற பேராசிரியர்களின் குழுக்கள் அவரைத் தொட முடியாது. அவருடைய நாற்பது வருட சாம்ராஜ்யத்துக்கு அஸ்திவாரம் ஆட்டத் தந்திரங்களைவிட இந்த நிர்வாக ஏற்பாடுதான் என்பேன்.

1892 அக்டோபர் 1 அன்று பல்கலைக்கழகம் திறந்தது. ஃபுட்பாலுக்கு ஆள் சேரவில்லை. முப்பது வயது கோச் தானே உடுப்பு மாட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார். யார் ஆடலாம், யார் ஆடக்கூடாது என்று பின்னாளில் சட்டம் பேசிய மனிதர், முதல் வருடம் தன் அணியில் தானே ஆடினார். எதிரே பள்ளிக்கூடப் பையன்களின் அணிகளும் உண்டு. மைதானத்துக்கான நிலம் மார்ஷல் ஃபீல்ட் என்ற ஜவுளிக்கடை அதிபருடையது. மைதானத்துக்கும் அவர் பெயரே வழங்கியது. பிறகு அதுதான் ‘ஸ்டாக் ஃபீல்ட்’ ஆனது.

இரண்டே வருடத்தில், 1894 கிறிஸ்துமஸுக்கு, அணியை ரயிலேற்றி நாட்டின் மறுகோடிக்குக் கூட்டிப்போனார். கிறிஸ்துமஸ் அன்றே சான்ஃபிரான்சிஸ்கோவில் ஸ்டான்ஃபோர்டை 24–4 என்று வென்றார்கள். அந்த வருடம் ஸ்டான்ஃபோர்டுக்குக் கோச் யார் தெரியுமா? வால்டர் காம்ப். குருவை வென்ற சந்தோஷம் ஒருபுறம் இருக்கட்டும். புதிதாக முளைத்த ஒரு கல்லூரியின் பெயர் கண்டம் முழுக்கப் பத்திரிகையில் வந்ததல்லவா, ஹார்ப்பர் கேட்டது அதைத்தான்.

அதே 1894இல் ஸ்டாக்குக்குக் கல்யாணம். மணப்பெண் ஸ்டெல்லா ராபர்ட்ஸன், அந்தப் பல்கலைக்கழகத்து மாணவி. ‘கோச்சின் மனைவி’ என்று ஒற்றை வரியில் முடிக்கக்கூடிய ஆள் இல்லை இவர். கேலரியில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஆட்டத்திலும் யார் எந்தப் பக்கம் ஓடினார், பந்து எங்கே போனது என்று காகிதத்தில் வரைந்து தருவார். எதிரணியின் ஆட்டத்தை உளவு பார்த்துவிட்டு வருவார். காம்புக்கு ஆலிஸ், ஸ்டாக்குக்கு ஸ்டெல்லா. அமெரிக்க ஃபுட்பாலின் ஆரம்ப வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த இரண்டு பெண்களுக்கும் துணைக் கோச் என்ற பட்டத்தைக் கொடுக்காதது அநியாயம்.

ஸ்டாக் கண்டுபிடித்தவை என்று ஒரு நீளமான பட்டியல் சுற்றுகிறது. பாய்ந்து மடக்கப் பழகும் பொம்மை, பேஸ்பாலுக்கு வலைக்கூண்டு, சட்டையில் எண், ஆட்டத்தின் நடுவே வட்டமாகக் கூடிப் பேசுவது என்று போகும். இதில் பாதிக்கு வேறு ஊர்க்காரர்களும் உரிமை கொண்டாடுகிறார்கள். அந்தப் பஞ்சாயத்து நமக்கு வேண்டாம். நோட்டர் டேம் கோச் நூட் ராக்னியே எல்லா ஃபுட்பாலும் ஸ்டாக்கிடமிருந்து வந்ததுதான் என்று சொன்னதாக ஒரு பேச்சு உண்டு, அது போதும்.

அவர் திட்டும் அழகை மட்டும் சொல்லாமல் விட முடியாது. வசவு வார்த்தை வாயில் வராது என்றேன் அல்லவா? கோபம் வந்தால் ‘கழுதை’ என்பார். தப்பு பெரிதாக இருந்தால் ‘இரட்டைக் கழுதை’. மன்னிக்கவே முடியாத தப்பென்றால் ‘மும்மடங்குக் கழுதை’. ஒரு சீசன் முடிவதற்குள் மைதானம் முழுக்கக் கழுதைகள் மேயும் என்று அவருடைய ஆட்டக்காரர்கள் சிரிப்பார்கள்.

1905க்கு வருவோம். அவர் வாழ்க்கையின் உச்சமும் அதன் கறையும் அந்த ஒரே இலையுதிர்காலத்தில் வந்தன.

மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குக் கோச் ஃபீல்டிங் யோஸ்ட். 1901 முதல் 56 ஆட்டங்கள், ஒரே ஒரு டிரா, மற்றதெல்லாம் வெற்றி. நிமிடத்துக்கு ஒரு புள்ளி எடுக்கும் அணி என்று பட்டப்பெயர். நவம்பர் கடைசியில், நன்றி நவிலும் நாளன்று, சிகாகோவில் ஆட்டம். கடுங்குளிர். இருபத்தைந்தாயிரம் பேருக்கு மேல் கூட்டம். இரண்டு பக்கமும் புள்ளி விழவில்லை. இரண்டாம் பாதியில் சிகாகோவின் நட்சத்திரம் வால்டர் எக்கர்சால் பந்தை மிச்சிகனின் கோட்டுக்குப் பின்னால் போய் விழும்படி உதைத்தார். மிச்சிகனின் டென்னி கிளார்க் அதை எடுத்துக்கொண்டு வெளியே ஓட முயன்றார். கோட்டைத் தாண்டிய நொடியில் இரண்டு சிகாகோ ஆட்டக்காரர்கள் மோதி, அவரைத் தூக்கிக்கொண்டுபோய் மறுபடி கோட்டுக்குப் பின்னால் போட்டார்கள். சொந்த எல்லைக்குள் மடங்கினால் எதிரணிக்கு இரண்டு புள்ளி. 2–0. ஆட்டம் முடிந்தது. ஐந்து வருட மிச்சிகன் ராஜ்யமும் முடிந்தது.

ஹார்ப்பர் அப்போது புற்றுநோயில் படுக்கையோடு கிடந்தார். மைதானத்திலிருந்து அவர் அறைக்குத் தொலைபேசிக் கம்பி இழுத்து ஆட்டத்தைச் சொன்னார்கள் என்று ஒரு கதை உண்டு. ஆறே வாரத்தில், 1906 ஜனவரி 10 அன்று, இறந்துபோனார்.

உச்சம் இது. கறை? அதே நவம்பரில் ‘காலியர்ஸ்’ என்ற வார இதழ், ஃபுட்பால் வெற்றிகள் எப்படி விலைக்கு வாங்கப்படுகின்றன என்று ஒரு தொடர் வெளியிட்டது. எழுதியவர் எட்வர்ட் ஜோர்டான். அவர் விரல் நீட்டிய பல்கலைக்கழகங்களில் சிகாகோவும் ஒன்று, நீட்டிய ஆட்களில் எக்கர்சாலும் ஒருவர். எக்கர்சால் பக்கத்து ஹைட் பார்க் பள்ளியிலிருந்து வந்தவர். மிச்சிகனுக்குப் போக இருந்த பையனை ஸ்டாக் ரயில் நிலையத்திலேயே மடக்கிக் கூட்டிவந்தார் என்று ஊரில் பேச்சு. மைதானத்தில் மகாராஜா. வகுப்பறையில் கணக்கு கடைசிவரை நேராகவில்லை, பட்டம் வாங்காமலே வெளியேறினார். பிற்பாடு ‘சிகாகோ ட்ரிப்யூன்’ விளையாட்டு நிருபரானார் என்பது கொசுறு.

அந்த வருடம் நாடு முழுக்க ஃபுட்பால் மைதானங்களில் பையன்கள் அடிபட்டுச் செத்தார்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் பெரிய கல்லூரிகளின் ஆட்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேசினார். அதன் தொடர்ச்சியாகத்தான் இன்றைய தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. உருவானது. மத்திய மேற்குக் கல்லூரிகளின் கூட்டமைப்பும் – இன்றைய ‘பிக் டென்’, அதைத் தொடங்கியவற்றில் சிகாகோவும் ஒன்று – 1906இல் சீர்திருத்தம் கொண்டுவந்தது. வருடத்துக்கு ஐந்து ஆட்டம்தான். முதலாமாண்டு மாணவர் ஆடக்கூடாது. கோச் என்பவர் பல்கலைக்கழகமே முறைப்படி நியமித்தவராக, நியாயமான சம்பளம் வாங்குபவராக இருக்க வேண்டும்.

கடைசி விதியை இன்னொரு தடவை படியுங்கள். பதினான்கு வருடமாக ஸ்டாக் உட்கார்ந்திருந்த நாற்காலியைத்தான் அவர்கள் சட்டமாக எழுதினார்கள். சீசனுக்கு மட்டும் வந்துபோன யோஸ்டுக்கு அது கழுத்தில் கயிறு. மிச்சிகன் முறைத்துக்கொண்டு கூட்டமைப்பை விட்டே போய்விட்டது. 1907, 1908 இரண்டு வருடமும் பட்டம் சிகாகோவுக்கு. கறை பட்ட விளையாட்டைக் கழுவ வந்த சீர்திருத்தத்தால் அதிக லாபம் அடைந்தவர், அதே விளையாட்டின் பெரும்புள்ளி. இதில் சதி எதுவும் இல்லை. நாற்காலி இருக்கிறவனுக்குச் சட்டம் வசதியாக அமைவது எந்த அலுவலகத்திலும் நடப்பதுதானே.

சிகாகோவுக்குத் திறமையான பையன்கள் எப்படி வந்தார்கள்? 1902 முதல் ஸ்டாக் பள்ளி மாணவர்களுக்குத் தடகளப் போட்டி நடத்தினார். 1917இல் கூடைப்பந்துக்கும் தேசிய அளவில் பள்ளிப் போட்டி தொடங்கினார். நாட்டின் மூலைமுடுக்கிலிருந்து வந்த பையன்கள் வளாகத்திலேயே தங்குவார்கள், ஆடுவார்கள், சிகாகோவைப் பார்த்து வாய் பிளப்பார்கள். யாருக்கும் ஒரு காசு கைமாற வேண்டியதில்லை. ஸ்டாக்கைக் கேட்டால் இது இளைஞர் நலப் பணி என்பார். வேறொரு கண்ணால் பார்த்தால், இதைவிட லட்சணமான ஆள்பிடிப்பு கிடையாது. இரண்டுமே உண்மை என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் போலி இல்லை. போலியாக இருந்திருந்தால் எங்காவது கூசியிருப்பார். தன் அணிக்கு நல்லது எதுவோ அதுவே பையன்களுக்கும் நல்லது, பல்கலைக்கழகத்துக்கும் நல்லது, ஆண்டவருக்கும் உகந்தது என்று அவர் மனமார நம்பினார். அப்படி நம்புகிற நிர்வாகியைக் கேள்வி கேட்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான காரியம்.

ஏழு முறை கூட்டமைப்புப் பட்டம். கடைசிப் பட்டம் 1924இல். அந்த வருடம் இல்லினாயின் சிங்கம் ரெட் கிரேஞ்சை எதிர்த்து 21–21 என்று டிரா செய்த ஆட்டத்தை நேரில் பார்த்தவர்கள் சாகும்வரை பேசினார்கள். அதற்குப் பிறகு சரிவு. காரணம் ஸ்டாக்கின் வயது மட்டுமில்லை. சுற்றிலும் மாநிலப் பல்கலைக்கழகங்கள் பூதாகாரமாக வளர்ந்தன. உடற்கல்வியையே பட்டப்படிப்பாக வைத்து ஆட்டக்காரர்களை அதில் சேர்த்துக்கொண்டன. சிகாகோவோ முதுகலையும் ஆராய்ச்சியுமாகப் போய்க்கொண்டிருந்தது. பள்ளி முடித்த பலசாலிக்கு அங்கே உட்கார இடமில்லை.

1929இல் ராபர்ட் மேனார்ட் ஹட்சின்ஸ் பல்கலைக்கழகத் தலைவரானார். வயது முப்பது. ஸ்டாக் இந்த வேலையில் சேர்ந்தபோது இருந்த அதே வயது. சேர்ந்தபோது ஹட்சின்ஸ் பிறக்கவே இல்லை. செவ்வியல் நூல்கள்தான் படிப்பு, மற்றதெல்லாம் பொழுதுபோக்கு என்று நினைத்தவர். 1932 ஆகஸ்டில் ஸ்டாக்குக்கு எழுபது. எழுபதானால் ஓய்வு என்பது விதி. முந்தைய தலைவர்கள் கோச்சுக்காக எத்தனையோ விதிகளை வளைத்தவர்கள். ஹட்சின்ஸ் வளைக்கவில்லை. அயோவா ஸ்டேட்டிலிருந்து நெல்சன் மெட்காஃபை விளையாட்டு இயக்குநராகக் கூட்டிவந்தார். ஸ்டாக்குக்குப் பெயரளவில் ஒரு பதவி கொடுக்க முன்வந்தார்கள். வேலை இல்லாத நாற்காலி எனக்கு வேண்டாம் என்று ஸ்டாக் கிளம்பிவிட்டார். ‘ஆயுளுக்கும்’ என்று ஹார்ப்பர் தந்த வாக்கு நாற்பத்தோரு சீசன் நின்றது.

இந்த இடத்தில் ஹட்சின்ஸை வில்லனாக்குவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பேராசிரியர் நாற்காலி கேட்டு வாங்கியவர் ஸ்டாக். பேராசிரியர் எல்லோருக்கும் எழுபது என்றால் அவருக்கும் எழுபதுதான்.

1935இல், ஸ்டாக் போன பிறகு, நாட்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பரிசு – பின்னாளில் ஹைஸ்மன் கோப்பை – முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதை வாங்கியவர் சிகாகோவின் ஜே பெர்வாங்கர். அணையப்போகும் விளக்கு. 1939இல் மிச்சிகன் 85–0 என்று அடித்தது. ஹார்வர்டு 61–0. ஒஹாயோ ஸ்டேட்டும் 61–0. அந்த டிசம்பரில் சிகாகோ ஃபுட்பாலையே கலைத்துவிட்டது.

காலியான ஸ்டாக் ஃபீல்டில் அடுத்து நடந்ததை எந்தக் கதாசிரியனும் துணிந்து எழுதமாட்டான். மேற்குக் கேலரிக்கு அடியில், ராக்கெட்ஸ் என்ற மட்டையாட்டத்துக்கென்று கட்டிய அறையில், என்ரிகோ ஃபெர்மியின் குழு கிராஃபைட் கட்டிகளையும் யுரேனியத்தையும் 57 அடுக்குகளாக அடுக்கியது. ஊருக்கு வெளியே ஆர்கோன் காட்டில் கட்ட வேண்டிய கூடம் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் தாமதமானதால் இந்த ஏற்பாடு. நடுநகரத்தில் அணு உலை! திட்டத்துக்குப் பொறுப்பான ஆர்தர் காம்ப்டன் பல்கலைக்கழகத் தலைவர் ஹட்சின்ஸிடம் முன்கூட்டிச் சொல்லவே இல்லை. சொன்னால் வேண்டாம் என்பதைத் தவிர அவருக்கு வேறு வழியிருக்காது என்று காம்ப்டனுக்குத் தெரியும். 1942 டிசம்பர் 2 பிற்பகலில், மனிதன் கட்டுக்குள் வைத்த முதல் அணுக்கருத் தொடர்வினை அங்கே நடந்தது. இன்று அந்த இடத்தில் ஹென்றி மூர் செய்த வெண்கலச் சிற்பமும், ரீகன்ஸ்டைன் நூலகமும் நிற்கின்றன. நல்ல நூலகம் மட்டும் போதாது என்று நினைத்த ஹார்ப்பரின் ஃபுட்பால் மைதானத்தில் கடைசியில் நூலகம்!

ஸ்டாக்கை எழுபது வயதில் விட்டுவிட்டோம். அவர் கலிபோர்னியா மாநிலம் ஸ்டாக்டனில் காலேஜ் ஆஃப் த பசிஃபிக் என்ற சின்னக் கல்லூரியில் கோச்சாகச் சேர்ந்தார். ஊர் பெயருக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை, தற்செயல்தான். பதினான்கு வருடம் இருந்தார். ஜெயித்ததைவிடத் தோற்றதே அதிகம். ஆட்கள் குறைவு, பணம் குறைவு, பெரிய கல்லூரிகளோடு மோதி அடி வாங்கினால்தான் டிக்கெட் வசூலில் பங்கு. சிகாகோவில் இவர் மற்றவர்களுக்குக் கொடுத்த வைத்தியத்தை இப்போது இவரே குடிக்க வேண்டியிருந்தது.

1938 நவம்பரில் பசிஃபிக் அணி சிகாகோவுக்கு ஆட வந்தது. தன் பெயர் தாங்கிய மைதானத்துக்குள் எதிரணி கோச்சாக ஸ்டாக் நுழைந்தார். எழுபத்தாறு வயது. சிகாகோவை அவருடைய பையன்கள் 32–0 என்று வென்றார்கள். சிகாகோ ஃபுட்பால் மூடப்பட அதற்குப் பிறகு ஒரு வருடம்தான் இருந்தது.

1940இல் ராக்னியின் வாழ்க்கையைச் சொன்ன சினிமாவில் ஸ்டாக் ஸ்டாக்காகவே வந்து நடித்துவிட்டுப் போனார். ரொனால்ட் ரீகன் நடித்த படம் அது. 1943இல் கடற்படைப் பயிற்சிக்காகக் கல்லூரிக்கு வந்த பையன்கள் பசிஃபிக் அணிக்குக் கிடைக்க, யு.சி.எல்.ஏ.வையும் கலிபோர்னியாவையும் தோற்கடித்தார். நாட்டின் கோச்சுகள் கூடி ஆண்டின் சிறந்த கோச் என்று தேர்ந்தெடுத்தார்கள். வயது எண்பத்தொன்று.

எண்பத்து நான்கில் பசிஃபிக்கும் ஓய்வெடுங்கள் என்றது. ஓய்வா? பென்சில்வேனியாவில் சஸ்குவேஹானா பல்கலைக்கழகத்துக்கு அவருடைய மகன் கோச். அப்பாவும் அங்கே போய்ச் சேர்ந்துகொண்டார். மகனுக்குக் கீழே என்றும் சொல்லலாம், பக்கத்தில் என்றும் சொல்லலாம், ஆறு வருடம். 1951இல் அவர்கள் அணி ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. அதே வருடம் கல்லூரி ஃபுட்பாலின் புகழ் மண்டபம் அவரை ஆட்டக்காரராகவும் கோச்சாகவும் சேர்த்து கௌரவித்தது. ஸ்டெல்லாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் ஸ்டாக்டனுக்குத் திரும்பினார். உள்ளூர் ஜூனியர் கல்லூரியில் பந்தை உதைக்கச் சொல்லிக்கொடுத்தார். ராஜினாமாக் கடிதம் எழுதியபோது வயது தொண்ணூற்றெட்டு. 1964இல் ஸ்டெல்லா போனார். அடுத்த வருடம் மார்ச் 17 அன்று, 102 வயதில், இவர்.

அவர் பெயரில் 314 வெற்றிகள். அந்த எண்ணை 1981இல் அலபாமாவின் பேர் பிரையன்ட் தாண்டினார்.

இப்போது அவர் பெயரைத் தாங்கி இருப்பவற்றில் இரண்டு சமாசாரங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று ‘ஸ்டாக் பௌல்’ – விளையாட்டுக்கென்று உதவித்தொகை கொடுக்காத மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளின் இறுதி ஆட்டம். காசுக்கு ஆடாதே என்று சொன்ன ஸ்டாக் இதைப் பார்த்து மகிழ்ந்திருப்பார். சிகாகோவும் 1969இல் ஃபுட்பாலைத் திரும்பக் கொண்டுவந்து, இன்று இந்தப் பிரிவில்தான் ஆடுகிறது. இன்னொன்று, தொலைக்காட்சிப் பணம் கொட்டும் பிக் டென்னின் சாம்பியன் கோப்பை. எந்தக் கூட்டமைப்பை சிகாகோ 1946இல் விட்டு விலகியதோ, அதன் கோப்பை. இரண்டுக்கும் அவரே தகப்பன் என்பதை அவர் ஒப்புக்கொண்டிருப்பாரா என்பது சந்தேகம்.

2010இல் அந்தக் கோப்பைக்கு முதலில் வைத்த பெயர் ‘ஸ்டாக்–பேட்டர்னோ’. பென் ஸ்டேட்டில் நாற்பத்தாறு சீசன் கோச்சாக இருந்து, நடுவே விளையாட்டு இயக்குநராகவும் இருந்த ஜோ பேட்டர்னோ அந்த இரண்டாவது பெயருக்கு உரியவர். 2011 டிசம்பரில் முதல் இறுதி ஆட்டம். அதற்கு முன்பே, நவம்பரில், அவரிடம் நெடுங்காலம் துணைக் கோச்சாக இருந்த ஒருவர்மீது சிறுவர்களைச் சீரழித்த வழக்கு வெடித்தது. பல்கலைக்கழகம் பேட்டர்னோவை வேலையிலிருந்து நீக்கியது. ஒருமுறைகூடக் கைமாறாத கோப்பையிலிருந்து அவர் பெயரை எடுத்தார்கள். கேள்வி கேட்க முடியாத நாற்காலியில் அவ்வளவு காலம் உட்கார்ந்திருந்தவர், எதைக் கேட்டார், யாரிடம் சொன்னார், எங்கே நிறுத்திக்கொண்டார் என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)